மூன்று துளி திராட்சை இரசம்

பாறசாலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மயினிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் வெட்டு நின்றுபோய், பால் வெட்டுகிறவர்கள் களியக்காவிளை சந்தையில் சும்மா நின்று கதை பேசுகிறார்கள். வீட்டு விசேஷம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேலைக்குப் போகிற வழியில் மும்பை பக்கத்துத் தலோஜா ஜெயிலைக் கடக்கும்போதெல்லாம் ஸ்டான் சாமி நினைவு வருகிறது, ஆண்டவர் அந்த மனுஷனுக்கு ஏன் அப்படிப்பட்ட பாடுகளைக் கொடுத்தார் என்று கேட்டிருந்தாய். ஆண்டவரா கொடுத்தார்? திருச்சி பக்கம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு காலத்தைக் கழித்த சேசு சபைச் சாமியார். 83 வயதில், 2020 அக்டோபர் 8-ந்தேதி, பீமா கோரேகான் கலவர வழக்கில் மாவோயிஸ்ட் தொடர்பு என்று சொல்லி, ராஞ்சியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பார்கின்சன் நோயால் கை நடுங்கி, தம்ளர் பிடிக்க வராது. உறிஞ்சு குழலும் மூடி போட்ட குவளையும் கேட்டு நவம்பரில் மனு போட்டார். அதற்குப் பதில் சொல்லவே, அவரைப் பிடித்த தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) 20 நாள் அவகாசம் கேட்டது. இதில் தெய்வச் சித்தத்தை எங்கே கொண்டு ஒட்டுவது? 2021 ஜூலை 5-ல் ஜாமீன் மனு கோர்ட்டில் விசாரணைக்கு வந்திருக்க, அவர் பாந்த்ரா ஆஸ்பத்திரியில் உயிரை விட்டிருந்தார். துன்பம் மனிதனைப் புடம் போடும் என்று நம் பிரசங்கங்களில் சொல்வார்களே, எனக்கு அதைக் கேட்டால் இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

ஆனால் உள்ளேயிருந்து அவர் எழுதியனுப்பியது வேறு மாதிரி. அதே வழக்கில் உள்ளே இருக்கிற அருண் ஃபெரெய்ரா சாப்பிட உதவுகிறார், வெர்னன் கொன்சால்வஸ் குளிக்க உதவுகிறார், அறையில் கூட இருக்கிற இரண்டு பேர் துணி துவைத்து முழங்காலும் பிடித்துவிடுகிறார்கள், அவர்கள் ரொம்ப ஏழைகள், உங்கள் ஜெபத்தில் அவர்களை நினையுங்கள் என்கிறார். ஆயுசு முழுக்க அடுத்தவனுக்குச் செய்தே பழகிய சாமியார், கைதிகள் ஊட்டிவிட வாய் திறந்திருக்கிறார். பூசை வைப்பதைவிட அது கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வியட்நாம் ஆயர் வான் துவானைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? 1975-ல் மாதா பரலோகம் ஏறிய திருநாளன்று பிடிபட்டவர், 13 வருஷம் உள்ளே இருந்தார். அதில் 9 வருஷம் தனிச்சிறை. வயிற்று வலிக்கு மருந்து என்று சீட்டு ஒட்டி வெளியிலிருந்து திராட்சை இரசம் வந்தது. அதைக்கொண்டு பூசை வைத்தார்: உள்ளங்கையில் மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர். அதுதான் பாத்திரம், அதுதான் பீடம். காவல்காரர்களுக்கு அவர் பாஷைகள் சொல்லிக்கொடுத்தார். பிறகு அவர்களே சும்மா கண்டும் காணாமல் இருக்க, ஒரு மரச்சிலுவை செதுக்கிச் சோப்புக் கட்டிக்குள் ஒளித்து வைத்தார்.

ஆஸ்திரேலியாவில், சிறுவர்களிடம் தவறாக நடந்தார் என்ற குற்றச்சாட்டில் உள்ளே போன கர்தினால் பெல்லுக்கு அதுகூட இல்லை. சிறைக்குள் இரசம் விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் பூசை பார்த்துக்கொண்டு 400 நாளுக்கு மேல் இருந்தார். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக விடுதலை செய்தார்கள். மற்ற சாமியார்களால் சீரழிந்த பிள்ளைகள் விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு, அது வேறு கணக்கு.

இனி என் கோபத்தைக் கேள். போன மாதம் பூசை முடிந்து முற்றத்தில் நிற்கும்போது, பங்குப்பேரவைப் பெரியவர் ஒருவர், பிள்ளையைக் கெடுத்துத் தண்டனை வாங்கி உள்ளே போன ஒரு சாமியாரைப் பற்றி, "அவரும் ஸ்டான் சாமி மாதிரி சிலுவை சுமக்கிறார்" என்றார். இரண்டு பேர் தலையும் ஆட்டினார்கள். நான் சொன்னேன்: சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளன் அப்படிப் பேசவில்லையே. லூக்கா சுவிசேஷத்தைப் பாரும். நாம் பண்ணினதுக்குத்தான் அனுபவிக்கிறோம், இவர் ஒரு குற்றமும் அறியாதவர் என்று கூட்டாளியை அதட்டிவிட்டுத்தானே அவன் இயேசுவைப் பார்த்து வாயே திறக்கிறான்? அந்த ஒரு வரி சொல்லாதவனுக்கு மீட்பைப் பற்றி நாம் எதற்கு அவசரப்பட வேண்டும்? அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு அருள் நிறைந்த மரியே இந்த முற்றத்தில் யாராவது சொன்னதுண்டா என்று கேட்டேன். பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் நடக்கிறார், நடக்கட்டும்.

அப்படிப்பட்டவருக்கு மீட்பே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபம், அதைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம், பரிகாரம் என்று நாம் ஞானோபதேசத்தில் படித்த வழி அவருக்கும் திறந்துதான் இருக்கிறது. அந்த வழியில் நடந்துதான் போக வேண்டும், பல்லக்கு கிடையாது. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட நம் தேவசகாயம் பிள்ளை சாமியார்கூட இல்லை, பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டிப்போட்டிருந்த குடும்பஸ்தன். 2022 மே 15-ல் அவரைப் புனிதராக்கியதும், அவரைச் சுட்டுக்கொன்ற காற்றாடிமலைக்கு வண்டி கட்டிப் போனவர்களில் இந்தப் பெரியவரும் உண்டு.

நீ என்ன நினைக்கிறாய், எழுது. நான் ரொம்பக் கடுமையாகப் பேசுகிறேன் என்றால் அதையும் எழுது.

இனி விசேஷம். சின்னவளுக்குச் சம்பந்தம் ஒத்து வந்துவிட்டது, பையன் நட்டாலம் பக்கம். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிந்ததும் தேதி குறிப்போம். மயினியைக் கூட்டிக்கொண்டு நேத்ராவதியில் ஏறிவிடு. திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் பாசஞ்சர் பிடித்தால் போதும், ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

உன் கூட்டுக்காரன்