"ஓராண்டு அனுபவம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரத் தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் நர்சிங் சூப்பிரண்டுகளுக்கும்,

வணக்கமுங்க.

நர்சிங் படித்து முடித்து இரண்டு மூன்று வருடம் வீட்டிலிருந்த பெண், உங்கள் விளம்பரத்தில் "குறைந்தது ஓராண்டு அனுபவம்" என்று பார்த்ததும் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடுகிறார். தப்பித் தவறி நேர்முகத்துக்கு வந்தாலும் முதல் கேள்வி, "இத்தன நாளா என்னங்க பண்ணீட்டிருந்தீங்க?" கல்யாணம், குழந்தை, அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிப்பு, கட்டணப் பாக்கியால் கல்லூரியிலேயே தங்கிவிட்ட சான்றிதழ் என்று பதில் எதுவானாலும் அதை வைத்து வார்டு நடத்த முடியாது. அந்தக் கை எதை மறந்திருக்கிறது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாமே ஒரே அளவுக்கு மறப்பதில்லை. படுக்கை விரிப்பதும் பி.பி. பார்ப்பதும் சில நாளிலேயே கைக்கு வந்துவிடும். வென்ஃப்ளான் (சலைன் ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போடும் கை கொஞ்சம் தடுமாறித் தேறும். மருந்துக் கணக்குதான் சத்தமில்லாமல் மறந்து போவது.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு) சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் வயலுக்கு ஆரஞ்சு மூடி. 40 வயலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் குத்தி 10 கோடு வரை இழுத்தால் வருவது 4 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, ரவுண்ட்ஸில் டாக்டர் டோஸை ஏற்றிவிடுவார். தலைகீழாக, 100 வயலுக்குச் சிவப்பு மூடியை எடுத்தால் 10 என்று நினைத்தது 25 ஆகிவிடும். நோயாளி வியர்த்து மயங்கிக் கிடப்பார். இரண்டு வயல், இரண்டு சிரிஞ்சை மேஜையில் வைத்து "10 யூனிட் எடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்து ஒரு சொட்டுக் கணக்கு. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். சலைன் ஏற்றும் குழாய் செட் மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு 42 சொட்டு வரும். காகிதம், பேனா கொடுங்கள், செல்போன் வேண்டாம். கணக்குப் போடுமுன் செட் உறையைத் திருப்பி எத்தனை சொட்டு என்று படிக்கிறவரை, விடை ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

காடு தோட்டம் நிறைந்த ஊர் நம்முடையது. பாம்புக்கடி வராமல் இராது. விஷத்தால் இரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று அறிய, 2 மில்லி இரத்தத்தைப் புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ எடுத்தால் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும்; விஷமுறிவு மருந்து வீணாக ஏறும். இதில் அனுபவசாலிகளும் தவறுவதுண்டு. எத்தனை வருட சர்வீஸ் என்பதை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வேலைக்கு எடுத்தபின் ஆறு வாரம் கொடுங்கள். முதல் வாரம் தனிப் பொறுப்பே வேண்டாம். வைட்டல்ஸ், கேஸ் ஷீட், ஹேண்ட் ஓவர் போதும். பிறகு இரண்டு நோயாளி, நான்காம் வாரத்திலிருந்து நான்கு. இன்சுலின், ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), பொட்டாசியம் மூன்றையும் ஆறு வாரமும் இன்னொரு சிஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கொடுக்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் மற்ற ஆம்பூல்களோடு ஒரே ட்ரேயில் கிடக்கவே கூடாது. கலக்காமல் நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். இந்த ஆறு வாரத்தில் தனியாக நைட் டியூட்டி போடாதீர்கள். ஆள் பற்றாத நாளில் முதலில் உடைவது இந்த விதிதான், எங்களுக்கும் தெரியும்.

சேரும் அன்றே ஹெபடைடிஸ் பி முதல் ஊசி போட்டுவிடுங்கள். அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம். நர்சிங் கவுன்சில் பதிவு நடப்பில் இல்லையென்றால் புதுப்பிக்க அவகாசம் கொடுங்கள். அது கைக்கு வரும்வரை மருந்து கொடுக்கும் வேலையில் போடாதீர்கள்.

பயிற்சி என்று பெயர் வைத்துச் சம்பளமில்லாமல் நிறுத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்துவிட்டது. அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டுவதும் வேண்டாமுங்க. பார்த்துவிட்டு, நகலை வைத்துக்கொண்டு, அன்றே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த விளம்பரத்தில் அந்த ஒரு வரி இருந்த இடத்தில் இப்படிப் போடுங்கள்: "கவுன்சில் பதிவு வேண்டும். கைத்திறன் தேர்வு உண்டு. படிப்பு முடித்த ஆண்டு தடையில்லை."

இப்படிக்கு,
வார்டிலும் நர்சிங் கல்லூரியிலும் பணிபுரியும் கொங்கு வட்டாரச் செவிலியர் சிலர்