நிதான நடை என்று விற்றீர்கள், நடத்தியது வேறு

அனுப்புநர்: தங்கள் குளிர்கால நிதான நடைக்கு அக்காவுடன் வந்திருந்த வாடிக்கையாளர்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர்

பொருள்: குழு ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலணியில் கட்டிக்கொள்ளும் அகலமான தட்டு) நடையை விளம்பரத்துக்கு மாறாக நடத்தியது, வழிகாட்டிக் கட்டணத்தைத் திரும்பக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். முன்பு நான் சுருக்கமாக எழுதிய புகாருக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "உடல்தகுதிக்குப் பங்கேற்பாளரே பொறுப்பு என்ற படிவத்தில் தாங்கள் கையெழுத்திட்டுள்ளீர்கள்." என் புகாருக்கும் யாருடைய உடல்தகுதிக்கும் தொடர்பில்லை. நீங்கள் விற்றது ஒரு நடை, அழைத்துப் போனது வேறொரு நடை. போன தடவை சுருக்கமாக எழுதியதால்தான் இது புரியாமல் போனதோ என்று இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 6 கிலோமீட்டர், 200 மீட்டர் ஏற்றம், ஓய்வும் சாப்பாடும் சேர்த்து 4 மணிநேரம், "பேசிக்கொண்டே நடக்கும் வேகம்", "பனிச்சரிவு அபாயமில்லாத பாதை", "பனியில் நடந்தே இராதவர்களும் வரலாம்". முன்பதிவு செய்வதற்கு முன் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, தனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, ஸ்னோஷூ மாட்டிப் பழக்கமில்லை, மெதுவாகத்தான் ஏறுவேன் என்று சொன்னார். "தாராளமா வாங்கம்மா, இது உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே வெச்சது" என்றார் உங்கள் ஊழியர். அந்தப் பேச்சை நம்பித்தான் பணம் கட்டினோம்.

அன்று காலை, வழக்கமான வாகன நிறுத்தத்தில் பனி அள்ளவில்லை என்று கீழே இருந்த இன்னொரு இடத்திலிருந்து கிளம்பினீர்கள். மலையில் இப்படி நடப்பது சகஜம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கீழிருந்து கிளம்பினால் தூரமும் கூடும், ஏற்றமும் கூடும். அதை யாரும் சொல்லவில்லை, போய்ச்சேரும் இடத்தையும் சுருக்கவில்லை. அக்காவின் கைக்கடிகாரத்தில் பதிவான தடத்தைப் பிறகு பார்த்தேன்: ஒன்பதரை கிலோமீட்டர், 480 மீட்டர் ஏற்றம். ஏற்றம் இரண்டு மடங்குக்கும் மேல்! 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொல்லிவைத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணிநேரம். நீங்கள் விளம்பரம் செய்த பாதைக்கு அந்தக் கணக்கில் ஒன்றரை மணிநேரம்தான் வரும். பனியில் அது இரட்டிப்பானால்கூட 4 மணிநேரத்துக்குள் ஓய்வும் சாப்பாடும் அடங்கும். உண்மையில் நடந்த பாதைக்கோ பனியே இல்லாத தரையில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணிநேரம் ஆகும். புதுப்பனியில், ஸ்னோஷூ கட்டிய புதியவர்களுக்கு எவ்வளவு ஆகும் என்று உங்கள் வழிகாட்டிக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். அதனால்தான் முதல் அடியிலிருந்தே ஓட்டம் பிடித்தார்.

என் முக்கியமான குறை இந்த வேகம்தான். மூத்த வழிகாட்டி முன்னால் போவார். கால் வலுவுள்ள நாலைந்து பேர் அவரை ஒட்டியே போவார்கள். கண்ணுக்கெட்டாத தூரம் போனபின் நின்று காத்திருப்பார்கள். நாங்கள் மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்ததும், "எல்லாரும் வந்தாச்சா? சரி, கிளம்பலாம்" என்று நடையைக் கட்டுவார். நன்றாக நடக்கிறவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு, ஓய்வு யாருக்கு அவசியமோ அவர்களுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. நாள் முழுக்க இதே கதை. கடைசி ஆள் வந்து, மூச்சு நிதானமாகி, கையுறையைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி மாட்டிக்கொண்ட பிறகுதான் ஓய்வு நேரம் எண்ணத் தொடங்க வேண்டும். குழு நடையில் இது அரிச்சுவடி. மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நடக்க விட்டிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அக்கா அதைக் கேட்டும் பார்த்தார். "பின்னாடி வந்தா மிதிச்ச பாதையில வரலாம், உங்களுக்குச் சுலபம்" என்று பதில் வந்தது. மிதித்த தடத்தில் நடப்பது சுலபம் என்பது சரிதான். ஆனால் முன்னால் ஒருவரோ இருவரோ மிதித்தாலே தடம் விழுந்துவிடும், அக்கா மூன்றாவதாக நடந்திருக்கலாமே!

குளிர்காலத்தில் வேகம் என்பது வெறும் சௌகரியம் சம்பந்தப்பட்டதும் அல்ல. காலையில் நீங்களே அனுப்பிய குறுஞ்செய்தியில் மைனஸ் 10 டிகிரி, மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று என்று இருந்தது. அந்தக் காற்றில் திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போலத்தான் இருக்கும். வேகமாக ஏறிய எங்களுக்கு உள்ளாடை வரை வியர்வையில் நனைந்தது. நின்றதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கியது. முன்னால் போனவர்களுக்கும் சுகமில்லை. மரமில்லாத மேட்டில் காற்றுக்கு முகம் கொடுத்து நின்று அவர்களும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு நடுக்கத்தில் பையின் ஜிப்பைத் திறக்க வரவில்லை. விரல்கள் சொன்னபேச்சு கேட்காமல் போவது உடல் குளிர்ந்துவருவதற்கு அடையாளம் என்று வழிகாட்டிகளுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். வியர்க்காத வேகத்தில் எல்லாரும் சேர்ந்தே நடந்திருந்தால் இந்த இரண்டு அவதியும் இல்லை.

அடுத்தது, இன்னும் மோசமானது. காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு நானும் அக்காவும் இன்னொரு தம்பதியும் வந்தபோது முன்னால் ஒருவரும் இல்லை, பின்னால் வரவும் ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் ஸ்னோஷூ தடங்கள் இருந்தன, இரண்டிலும் காற்று பனியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. என் கைப்பேசி குளிரில் அணைந்துவிட்டிருந்தது. உங்களிடம் இரண்டு வழிகாட்டிகள் இருந்தார்கள், இருவருமே முன்னால்! ஒருவர் கடைசி ஆளுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், பிரிவுகளில் எல்லாரும் வந்துசேரும்வரை முன்னவர் நின்றிருக்க வேண்டும். இதற்குச் செலவு கிடையாது, கருவி வேண்டாம். இளைய வழிகாட்டி கொஞ்ச நேரத்தில் எங்களைத் தேடி இறங்கி வந்தார். அவரைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. அக்காவின் ஸ்னோஷூ வாரைச் சரியாக இறுக்கிக் கொடுத்ததும், ஏற்றத்தில் குதிகாலுக்கு அடியில் நிமிர்த்திக்கொள்ளும் கம்பியைக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். அந்தக் கம்பி இருப்பதையே அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதுவரை கெண்டைக்கால் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

பனிச்சரிவு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செங்குத்துச் சரிவின் அடியில் மூத்த வழிகாட்டி எங்களை நிறுத்தி, "ஒவ்வொருத்தரா இடைவெளி விட்டு, நிக்காம கடந்து வாங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா ஒரு முன்னெச்சரிக்கை, இன்னிக்கு அபாய அளவு 2தான்" என்றார். ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் 2 என்பது மிதமான அபாயம். அபாயமே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பனியடுக்கு பலகைபோல் மொத்தமாக உடைந்து சறுக்கும் பனிப்பலகைச் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் பிறக்கின்றன. நாம் நிற்கும் இடம் சமதளமாகவே இருந்தாலும், மேலே அப்படியொரு சாய்வு இருந்தால் அது வந்து விழும் இடத்தில்தான் நிற்கிறோம். இடைவெளி விட்டுக் கடப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அந்தப் பழக்கம் தேவைப்படும் இடத்துக்குப் புதியவர்களைக் கூட்டிப்போனது ஏன்? எங்கள் யாரிடமும் பனியில் புதைந்தவரைக் கண்டுபிடித்து மீட்க உதவும் சமிக்ஞைக் கருவி இல்லை, துழாவும் கோல் இல்லை, மண்வெட்டி இல்லை. சுவிஸ் ஆல்பைன் சங்கம் ஸ்னோஷூ நடைகளை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. அதில் முதல் நிலைக்கு 25 டிகிரிக்குக் குறைந்த சாய்வும் பனிச்சரிவு அபாயம் இல்லாமையும் அடையாளம். நீங்கள் விளம்பரம் செய்தது அந்த முதல் நிலையை. அன்று நடந்தது அதுவல்ல.

எல்லாருக்கும் ஒரே அளவு ஸ்னோஷூ கொடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். பையோடு சேர்த்த எடைக்கு ஏற்ப அளவு மாற வேண்டும். எங்களோடு வந்த கனத்த உடம்புக்காரர் புதுப்பனியில் முழங்கால்வரை புதைந்து புதைந்து எழுந்தார்.

திரும்பும் நேரம் தாண்டியும் உச்சிமேட்டைத் தொட்டுத்தான் ஆகவேண்டும் என்று மூத்தவர் பிடிவாதம் பிடித்தார். விளைவு, காட்டைவிட்டு வெளியே வருவதற்குள் இருட்டிவிட்டது. நீங்கள் அனுப்பிய பொருள் பட்டியலில் தலைவிளக்கு இல்லை. இரண்டு வழிகாட்டிகளின் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பின் ஒருவராகத் தட்டுத் தடுமாறி இறங்கினோம். உச்சிமேட்டைக் கேட்டு யாரும் பணம் கட்டவில்லை. பனியில் நாலு பேரோடு பேசிக்கொண்டு நடந்து, எங்காவது காற்றுப் படாத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வெளிச்சத்தோடு திரும்பத்தான் கட்டினோம். வேகமான நடையை விரும்புகிறவர்களுக்கு வேக நடை என்ற பெயரிலேயே தனி நடை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கருவி வாடகையை நான் கேட்கவில்லை, அவற்றைப் பயன்படுத்தினோம். எங்கள் இருவருக்குமான வழிகாட்டிக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். தொடங்கும் இடமோ பாதையோ மாறினால் புதிய தூரத்தையும் ஏற்றத்தையும் கிளம்புவதற்கு முன்பே சொல்லி, வேண்டாம் என்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் வழக்கத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டும். நிதான நடை என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு வழிகாட்டி வருவார் என்று விளம்பரத்திலேயே போடுங்கள். போட்டபடி நடக்கவும் செய்யுங்கள். செங்குத்துச் சரிவுக்கு அடியில் புதியவர்களைக் கூட்டிச் சென்றதற்கு, படிவத்தைக் காட்டாமல், பாதையைத் தேர்ந்தெடுத்த காரணத்தோடு விளக்கம் வேண்டும்.

தடப் பதிவின் படத்தையும், விளம்பரத்தின் நகலையும், காலைக் குறுஞ்செய்தியையும் இத்துடன் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் இதே கடிதத்தைக் கொடுப்பேன். பணம் கட்டிய கணக்கிற்கே திருப்பி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்