650-ஐக் கொடுத்து 200-ஐ வாங்கிய கதை

கோபிசெட்டிபாளையம்,
20-10-2024

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வியாழக்கிழமை கிடைத்தது. வீட்டு நலத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதி ஒன்றரைப் பக்கத்துக்கும் நீ ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறாய்: நிஞ்சா 650 மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு ஏன் 200 சி.சி. வண்டி வாங்கினாய், வயதாகிவிட்டதா, பயமா, பணமுடையா? தொலைபேசியில் சொன்னால் நடுவில் புகுந்து சிரிப்பாய் என்பதால் எழுதியே சொல்கிறேன். மூன்றும் இல்லை. வயது உனக்கும் எனக்கும் ஒன்றாகத்தான் ஏறுகிறது, அதை விட்டுவிடு.

முதலில் அந்த வண்டிக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். 2017-இல் வாங்கியது முதல் ஒருநாளும் அது என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. 649 சி.சி., இரட்டை சிலிண்டர், 68 குதிரைத்திறன். இரண்டாம் கியரிலேயே நூறைத் தாண்டிவிடும். விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி, பவானி வழியாகச் சேலத்தைத் தாண்டி, தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் மூச்சுமுட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, வலக்கை மணிக்கட்டை ஒரு விரற்கடை திருப்பினால் போதும், நாலைந்து லாரிகள் ஒன்றாகப் பின்னால் போய்விடும். ஏழரைக்குக் கிருஷ்ணகிரியில் இட்லி, பத்தரைக்கு மறுபடி வீடு. அந்த இழுவையை நான் இன்னமும் நினைத்துக்கொள்கிறேன் என்பதை உன்னிடம் மறைப்பதற்கில்லை.

ஆனால் அந்தக் கிருஷ்ணகிரி இட்லியில்தான் சங்கதி இருந்தது. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஊரையும் கிலோமீட்டரையும் ஒரு சிறு நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது உனக்குத் தெரியும். கல்லூரியில் அதற்காகவே என்னைக் 'கணக்குப்பிள்ளை' என்று கூப்பிட்டவன் நீ. சென்ற பொங்கல் சமயத்தில் அந்த நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். ஏழு ஆண்டுகளில் 31,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அவ்வளவும் சேலம், கிருஷ்ணகிரி, கோவை, மறுபடி சேலம். மொட்டை மாடியில் நின்றால் வடக்கே நீலமாகத் தெரிகிற கடம்பூர் மலையின் பெயர் அந்த நோட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் பெட்ரோல் கணக்குக்குப் பதில், உடைந்த பிரேக் லீவரின் விலையை எழுதியிருந்தேன்.

அந்தக் கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை, வெட்கம்தான். கே.என்.பாளையத்திலிருந்து கடம்பூர் வரை மலைப்பாதை ஒருவாறு போயிற்று. கடம்பூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையைத் தோண்டி ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். நிஞ்சாவின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே 130 மில்லிமீட்டர்தான். சைலன்சரும் என்ஜினுக்கு அடியிலேயே இருக்கிறது. ஒரு கல் 'டங்'கென்று அதில் மோதிய சத்தம் என் பல்லில் கேட்டது. சரி, திரும்பிவிடலாம் என்று அந்தக் குறுகலான இடத்தில் வண்டியை வளைத்தேன். ஓட்டிக்கொண்டுகூட இல்லை, காலை ஊன்றித் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். ஜல்லியில் கால் சறுக்கி, வண்டி மெதுவாக, மிக மெதுவாக, யானை படுப்பதுபோலப் படுத்துவிட்டது. ஏறத்தாழ 200 கிலோ. முதுகைக் கொடுத்துப் பார்த்தேன், ஹேண்டிலைத் திருப்பிவைத்துத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. யானை நடமாடும் காட்டுப் பாதையில், பெட்ரோல் சொட்டும் வண்டிக்குப் பக்கத்தில், நாற்பது நிமிடம் நின்றேன். பிறகு வாழைத்தார் ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் இருவர் இறங்கித் தூக்கிக்கொடுத்தார்கள். விலையைக் கேட்டார்கள், சொன்னேன். அவர்களில் மூத்தவர் ஒன்றும் பேசாமல் தாரிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று முதல், தார்ச் சாலை முடிகிற இடம் என் கண்ணுக்கு மதில்சுவராகத் தெரிய ஆரம்பித்தது. கிளம்புமுன் பாதை எப்படியென்று நாலு பேரிடம் கேட்பேன். சரியில்லை என்றால் போகமாட்டேன். நான் எங்கே போவது என்பதை வண்டியே முடிவு செய்துகொண்டிருந்தது, கோபமெல்லாம் அதன்மேல்தான். அதன்மேல் கோபப்படுவதும் நியாயமில்லை, அது நெடுஞ்சாலைக்குப் பிறந்த வண்டி.

தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான வண்டியாகத் தேடியபோது, எல்லாரும் ராயல் என்ஃபீல்டின் புதிய ஹிமாலயன் 450-ஐத்தான் சொன்னார்கள். சென்னைக்காரர்கள் செய்கிற வண்டி, நல்ல வண்டி, 40 குதிரைத்திறன். ஆனால் எடை 196 கிலோ என்று படித்ததும் வாழைத்தார்க்காரர் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. கடைசியில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வாங்கினேன். 199.6 சி.சி., ஒற்றை சிலிண்டர், ஏறத்தாழ 19 குதிரைத்திறன். அதாவது இருந்த குதிரைகளில் நாற்பத்தொன்பதை லாயத்திலிருந்து ஓட்டிவிட்டேன். எடை 160 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தரையிலிருந்து உயரம் 220 மில்லிமீட்டர். முன் சக்கரம் 21 அங்குலம், பின்னது 18, இரண்டும் கம்பி ஆரம். பெரிய முன் சக்கரம் எதற்கு என்று நீ கேட்பாய்: சக்கரம் சிறியதாக இருந்தால் கல்லின் விளிம்பில் முட்டி நிற்கும், பெரியதாக இருந்தால் அதே கல்லின்மேல் சாய்வாக ஏறி உருண்டுவிடும். மாட்டு வண்டிக்குச் சக்கரத்தை ஏன் அவ்வளவு பெரிதாக வைத்தார்கள் என்பதற்கும் இதுவே விடை.

நிஞ்சாவை விற்றதும் ஒரு கூத்து. பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருவர், வண்டியைச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கி, நான் நினைத்ததில் பாதி சொன்னார். பிறகு கோவையிலிருந்து ஒரு பையன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் வண்டியைத் தொட்ட விதத்திலேயே இவனுக்குத்தான் என்று தீர்மானித்துவிட்டேன். அந்த அம்மா பின் இருக்கையை உள்ளங்கையால் அளந்து பார்த்து, "ஏனுங்க, இதுல ஆரு உக்கார்றது?" என்று கேட்டார். படிவம் 29, படிவம் 30 எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, பெயர் மாறிய ஆர்.சி. வந்ததைப் படம் எடுத்து அனுப்பும்வரை அவனை விடவில்லை. தெருமுனையில் அவன் கியர் மாற்றிய சத்தம் கேட்டபோது தொண்டை அடைத்தது உண்மை.

புதிய வண்டியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் எழுதுகிறேன் என்பாய். தொண்ணூறைத் தாண்டினால் கைப்பிடி நடுங்கத் தொடங்குகிறது. நெடுஞ்சாலையில் லாரியை முந்துவதற்கு முன் யோசித்து, பின்னால் பார்த்து, ஒரு கியர் இறக்கி, மனத்தில் ஒருமுறை முருகனையும் கூப்பிட்டாக வேண்டும். இருக்கை 825 மில்லிமீட்டர் உயரம். என் குட்டைக் காலுக்கு நுனிவிரல்தான் எட்டுகிறது, முதல் வாரம் நம் பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே மானம் போகத் தெரிந்தது. கம்பிச் சக்கரத்துக்குள் டியூப். ஆணி ஏறினால் நிஞ்சாவின் டியூப்லெஸ் டயர் வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும், இது அங்கேயே உட்கார்ந்துவிடும். அதனால் மாற்று டியூப், டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு எல்லாம் பையில் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் உட்கார்ந்து பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகினேன். இரண்டு மணி நேரமும், கட்டைவிரல் நகம் ஒன்றும் போயின. ஆனால் ஐம்பத்தைந்து வயதில், சொந்த வண்டியின் சக்கரத்தை நானே கழற்றினேன் என்ற மிதப்பு இரண்டு நாள் இருந்தது. நிஞ்சாவில் செயினுக்கு எண்ணெய் விடுவதைத் தவிர வேறெதையும் நான் தொட்டதில்லை.

பெட்ரோல் கணக்குக் கேட்பாய் என்று தெரியும். நிஞ்சா லிட்டருக்கு 23 கிலோமீட்டர் கொடுத்தது, இது 40 கொடுக்கிறது. டாங்கி அதில் 15 லிட்டர், இதில் 13. சின்ன வண்டிதான் தூரம் போகிறது.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் கடம்பூர் தாண்டி மாக்கம்பாளையம் போனேன். நான் விழுந்த இடத்தை நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன். அந்தப் பாதையில் குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்று இரண்டு காட்டாறுகள் குறுக்கிடும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமேதான். நான் போன அன்று முந்தின இரவு மழை பெய்து, தண்ணீர் செம்மண் நிறத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குச்சியால் தட்டித் தட்டி ஒருமுறை நடந்து பார்த்தேன். கல்லெல்லாம் உருண்டை, பாசி படிந்த வழுக்கல்.

நான் இப்படிச் சோதனை நடத்திக்கொண்டிருக்கும்போதே, பின்னால் பட்பட்டென்று ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வந்தது. எழுபது வயதுப் பெரியவர், முன்னால் ரேஷன் அரிசி மூட்டை, பின்னால் ஒரு கடப்பாரை. நிறுத்தவேயில்லை. இரண்டு காலையும் துடுப்புப்போல நீட்டிக்கொண்டு, ஒரே சீராக, தண்ணீரைக் கிழித்து அக்கரை ஏறிவிட்டார். ஏறிய பிறகு திரும்பிப் பார்த்து, "தண்ணியப் பாக்காதீங்க சாமி, அக்கரையப் பாத்துட்டே வாங்க, நடுவால நிறுத்தீராதீங்க" என்று கத்தினார். அப்படியே செய்தேன். முதல் கியர், எழுந்து நின்றுகொண்டு, முழங்கால்களால் டாங்கியை இறுக்கிப் பிடித்து, கைகளைத் தளர்த்தி. நடுவில் பின் சக்கரம் ஒருமுறை பக்கவாட்டில் ஒதுங்கி, தானாகவே திரும்பி வந்தது. அக்கரையில் ஈரமான கால்களோடு நின்றபோது, 1988-இல் நீ ஆர்.எக்ஸ். 100-ஐ ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து அந்தியூரிலிருந்து பர்கூர் ஏறினோமே, அன்று தாமரைக்கரையில் இறங்கியபோது கால்கள் நடுங்கினவே, அதே நடுக்கம். நிஞ்சாவில் 160 தொட்டபோதும் அது வந்ததில்லை.

(நம் நாட்டின் உண்மையான மலைவண்டி டி.வி.எஸ். எக்ஸ்.எல்.தான் என்பதில் எனக்கு இனி ஐயமில்லை. அடுத்து அதற்கு வந்துவிடுவாய் என்று நீ எழுதும் முன் நானே எழுதிவிட்டேன்.)

ஒன்று மட்டும்: இப்படிப்பட்ட வண்டி கையில் வந்தவுடன் காட்டுக்குள்ளேயே ஓட்டலாம் என்று கிளம்புகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். ஊருக்குப் போகிற பாதையைவிட்டு ஓர் அடி உள்ளே நான் இறங்குவதில்லை, மூன்று மணிக்குமேல் மலையில் இருப்பதுமில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்றதும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வாங்க நினைத்திருப்பதாகவும், என் கடிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகவும் எழுதியிருக்கிறாய். நான் வாங்கியதை நீயும் வாங்கு என்று சொல்லமாட்டேன். நீ திருநெல்வேலியில் இருக்கிறாய். வள்ளியூர் தாண்டி நாகர்கோவிலுக்கு மாதம் மூன்று முறை போகிறாய். ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் ஏன் அத்தனை நிற்கின்றன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயரமாக, லேசாக இருக்கிற என் வண்டியை அந்தக் காற்று அடுத்த தடத்துக்கே தூக்கி வைத்துவிடும். அங்கே 200 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டிதான் நிம்மதி. உன் சாலைக்கு அது சரி. வாங்குமுன் அதைப் படுக்கவைத்துத் தனியாளாக ஒருமுறை தூக்கிப் பார்க்க விடுவார்களா என்று மட்டும் கேள், விடமாட்டார்கள், ஆனாலும் கேள்.

தை பிறந்ததும் இங்கே வா. பள்ளத்தில் அப்போது தண்ணீர் குறைந்திருக்கும். உன் 650-ஐக் கடம்பூர் டீக்கடையில் நிறுத்திவிட்டு என் பின்னால் உட்கார்ந்து வரலாம். முப்பத்தாறு ஆண்டுக்குப் பிறகு இடம் மாறி உட்கார்ந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இருவர் பாரத்தோடு பள்ளத்தைக் கடக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அங்கே நீ இறங்கி நடக்க வேண்டியிருக்கும். அதனால் அந்த விலை உயர்ந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வராதே, ரப்பர் செருப்புப் போதும்.

அன்புடன்,
கணக்குப்பிள்ளை