அந்த வாக்மேன் வாங்காத பாப்பா

அன்பு மகளுக்கு,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நீயும் அங்க வெயில்ல பத்திரமா இரு. இங்க ஹட்டன்ல வழக்கம்போல மழையும் மூடுபனியும்தான், காயப்போட்ட துணி காயல, அம்மா அதுக்கு ஒரு பக்கம் ஏசிகிட்டு இருக்கா. உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். தோஹாவுல ஒரு கடையில சோனி வாக்மேன் பாத்தியாமே, அப்பாவுக்கு வாங்கவா இல்லாட்டி போனும் டேப்லெட்டும் இருக்கிற காலத்துல அது வீண் செலவான்னு கேட்டிருந்த, தங்கச்சிக்கு ஒரு டேப்லெட் வாங்கவான்னும் கேட்டிருந்த. வாய்ஸ்லயே பதில் சொல்லலாம்னு பாத்தா நடுவுல யாராச்சும் கடைக்கு ரீலோட் போடவோ போட்டோகொப்பி எடுக்கவோ வந்து நிக்கிறாங்க, அதான் உக்காந்து டைப் பண்றேன், டியூட்டி முடிஞ்சு ஆறுதலா படி.

வாங்காத. அத முதல்லயே சொல்லிர்றேன், இல்லாட்டி நீ பாதி படிச்சிட்டு கடைக்கு ஓடிருவ.

வாக்மேன்னு பேர கேட்டவுடனே ஆசை வரலன்னு சொன்னா பொய். 1979 ஜூலையில சோனிகாரன் ஜப்பான்ல அத விட்டான், நம்ம தோட்டத்து பக்கமெல்லாம் அது வந்து சேந்தது ரொம்ப பிந்தி, சவூதி குவைத்துன்னு வீட்டு வேலைக்கு போயிட்டு வந்த பொம்பளைங்க பேக்குலதான், அத இடுப்புல மாட்டிகிட்டு பஸ்ஸ்டாண்ட்ல நின்ன பொடியன்கள பாத்து நாங்க வயித்தெரிச்சல் பட்ட காலம் அது. ஆனா நீ பாத்ததுல அந்த பேர் மட்டும்தான் பழசு. உள்ள ஓடுறது ஆண்ட்ராய்ட், வைஃபை இருக்கு, டச் ஸ்கிரீன் இருக்கு, மெமரி சிப் போடலாம், ஹெட்போன் குத்தலாம், சிம் மட்டும் போட ஏலாது. பேச ஏலாத போன் ஒண்ண போன விட கூட சல்லி குடுத்து எதுக்கு வாங்கணும்?

சத்தம் நல்லா இருக்கும்ப்பான்னு நீ சொல்லுவ, இருக்கும்தான், நான் இல்லன்னு சொல்லல. சீடியில ஒரு செக்கனுக்கு 44,100 தடவ சத்தத்த அளந்து பதிஞ்சிருப்பான், ஒரு நிமிச பாட்டு 10 எம்பி கிட்ட வரும், அதையே செக்கனுக்கு 128 கிலோபிட் கணக்குல எம்பி3 ஆக்குனா ஏறக்குறைய 1 எம்பிதான், பெரிய சத்தத்துக்கு அடியில அமுங்கிப்போற சின்ன சத்தத்த எல்லாம் தூக்கி வீசிட்டுத்தான் அவ்ளோ சுருக்குறான். வீசாம முழுசா வச்சிருக்கிற பைலுக்கு நல்ல பிளேயர், நல்ல ஹெட்போன் எல்லாம் பொருந்தும். நம்மகிட்ட இருக்கிறது என்னா? முக்காவாசி கெசட்ல இருந்து நான் கம்ப்யூட்டர்ல ஏத்துனது. கெசட்லயே ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் இருக்கும், அத அவ்ளோ சல்லி குடுத்த வாக்மேன்ல போட்டா அந்த ஸ்ஸ்ஸ் இன்னும் துல்லியமா கேக்கும், அவ்ளோதான்.

நீ பொறந்தப்ப நம்ம கடை ரெக்கோர்டிங் பார், கெசட்ல பாட்டு பதிஞ்சு குடுக்கிற கடை. உனக்கு லேசா ஞாபகம் இருக்கும். அப்பியாச கொப்பி தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதிகிட்டு வருவாங்க, மேல புள்ளையார் சுழி போட்டு, கீழ யாருக்காக பதியிறாங்களோ அந்த பேரோட முத எழுத்து மட்டும் ஒரு மூலையில கிறுக்கி இருக்கும். 60 கெசட்னா ஒரு பக்கம் 30 நிமிசம், கடைசி பாட்டு நடுவுல அறுந்து போவாம அடுக்குறதுதான் தொழில், அதுக்காகவே எந்த பாட்டு எத்தன நிமிசம்னு எனக்கு மனப்பாடம். பதிஞ்சு முடிஞ்சா கெசட்டுக்கு மேல ரெண்டு மூலையிலயும் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் பல்ல ஸ்க்ரூட்ரைவரால உடைச்சிட்டுத்தான் குடுப்பேன், பிறகு அதுமேல யாரும் தவறி பதிய ஏலாது. காதல் முறிஞ்ச பொடியன் அந்த ஓட்டையில செலோடேப் ஒட்டிகிட்டு திரும்ப வந்து நிப்பான், அண்ணே எல்லாத்தையும் அழிச்சிட்டு சோகப்பாட்டா போடுங்கன்னு.

1998ல கொரியாகாரன் கெசட் இல்லாம எம்பி3 பாட்டு போடுற எம்பிமேன்னு ஒண்ண விட்டான், அதே வருசம் அமெரிக்காவுல ரியோன்னு ஒண்ணு வந்துச்சு, 32 எம்பி, அரைமணித்தியாலம் சொச்சம்தான் புடிக்கும், நம்ம 60 கெசட்டோட ஒரு பக்கம். அதுக்கே பாட்டு கம்பெனிகாரங்க கோர்ட்டுக்கு போய் தோத்து வந்தாங்கன்னு பேப்பர்ல படிச்சப்ப எனக்கு வயித்துல புளிய கரைச்சுது, அவங்க பாடே அப்பிடின்னா ரெக்கோர்டிங் பார்காரன் பாடு என்னா. 2001 அக்டோபர்ல ஐபொட், 5 ஜிபி, பாக்கெட்டுக்குள்ள 1000 பாட்டுன்னான். நம்ம கடை படி ஏறுனது ஐபொட் இல்ல, அதே மாதிரி அச்சுல அடிச்ச சைனா எம்பி4 பிளேயர். அதுக்குள்ள படம் போடணும்னா ஏஎம்வின்னு ஒரு பார்மெட்டுக்கு மாத்தணும், ஒரு பாட்டுக்கே கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும், மாத்தி முடிச்சு பாத்தா தீப்பெட்டி சைஸ் ஸ்கிரீன்ல ஹீரோ யாரு வில்லன் யாருன்னு தெரியாது, ஆனாலும் சனம் கியூவுல நின்னுச்சு. அப்புறம் போன்லயே சிப் போடுற காலம் வந்துச்சு, அப்புறம் பொடியன்கள் அவங்களுக்குள்ளயே ப்ளூடூத்ல மாத்திகிட்டாங்க, நம்ம கடை ரீலோடும் போட்டோகொப்பியும் பாக்கிற கம்யூனிகேஷன் ஆயிடுச்சு. ஆப்பிள்காரன் ஐபொட்ட நிப்பாட்டுறேன்னு சொன்னது 2022 மே மாசம், அந்த மாசம் நாம இங்க பெட்ரோலுக்கும் கேஸுக்கும் லைன்ல நின்னுகிட்டு இருந்தோம், ஐபொட் செத்தத யாரு கவனிச்சா.

அதனால போன் ஜெயிச்சிருச்சுன்னு சொன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன். கடைக்கு வர்ற நூறு பேர்ல தொண்ணூத்தொம்பது பேருக்கு தனியா பிளேயர் எதுக்கு? போன்லயே பாட்டு, ரேடியோ, படம், கெமரா எல்லாம் இருக்கு, ரெண்டாவது சாமான ஏன் சுமக்கணும். நான் பேச வர்றது வேற. பாட்டு உன் கையில பைலா இருக்கா இல்லையா, கேள்வி அதுதான் பாப்பா. பைலா இருந்தா பழைய போன், சைனா எம்பி3, ஓட்டோவுல குத்துற பென் ட்ரைவ் எதுலயும் கேக்கலாம். இல்லாட்டி நீ சொன்ன வாக்மேன் கூட வெறும் டப்பாதான், வைஃபை தேடிகிட்டு நிக்கும். உன் தம்பிய எடுத்துக்க, ஸ்பொட்டிஃபை 2021ல இலங்கைக்கு வந்ததுல இருந்து அவனுக்கு உலகமே அதுக்குள்ளதான், சல்லி கட்டி டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன்னு பெருமை வேற. டவுன்லோட் பண்ணுனாலும் 30 நாளைக்கு ஒருக்கா நெட்டுக்கு போய் முகத்த காட்டணும், கட்டுறத நிப்பாட்டுனா பாட்டும் நிக்கும். வாடகை வீட்டுக்கு சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி வேல அது. அவன்கிட்ட சொன்னா சிரிக்கிறான்.

அப்பாயி விசயத்துக்கு வர்றேன். போன தடவ லீவுக்கு வந்தப்ப, அவங்ககிட்ட இருக்கிற அந்த பழைய எம்பி3 பிளேயர தூக்கி போட்டுட்டு ஒரு போன் வாங்கி குடுங்கன்னு சொல்லிட்டு போனியே, நானும் சரின்னு என் பழைய டச் போன குடுத்து பாத்தேன். அவங்க விரல் அதுல வேல செய்யல. நெசமாத்தான் சொல்றேன், டச் ஸ்கிரீன் வேல செய்றது ஸ்கிரீன்ல இருக்கிற சின்ன மின்சாரத்த விரல் லேசா இழுக்கிறத வச்சு, காலம் பூரா கொழுந்து பறிச்சு நுனியெல்லாம் காய்ச்சு காஞ்சு போன விரல் அத சரியா எங்க இழுக்கும்? அவங்க குத்து குத்துன்னு குத்துறாங்க, போன் அசையல, பிறகு தவறி எங்கயோ பட்டு உன் சித்திக்கு வீடியோ கால் போயிருச்சு, அப்பாயி சாமி பாட்டு கேக்கணும்னு தொறந்த எடத்துல சித்தி பல்லு வெளக்கிகிட்டு நிக்கிறா. அன்னைக்கே போன வாங்கி வச்சிட்டேன். பட்டன் இருக்கிற பிளேயர்தான் அவங்களுக்கு சரி. பிளே பட்டன்ல உன் தங்கச்சியோட செவப்பு கியூடெக்ஸ்ல ஒரு சொட்டு வச்சிருக்கேன், காஞ்சு மேடா நிக்குது, கண்ணு மங்குனாலும் தடவி பாத்து அமத்துறாங்க. தோட்டத்துல மாசி மாசம் மன்மதன் ரதி கதைய ஆடுன காமன் கூத்த நான் டேப் ரெக்கோர்டர்ல பதிஞ்சு வச்சேனே, அது யூடியூப்ல கெடையாது, எங்கயும் கெடையாது, தப்பு மேள சத்தத்துல பாதி எடத்துல மைக் கிழிஞ்சு போய் கேக்கும், அததான் வாசல் இஸ்தோப்புல உக்காந்து தெனமும் போடுறாங்க. போட்டுட்டு, ரதியா ஆடுன மனுசன் அந்த எடத்துல ஒரு அடி முழுங்கிட்டான்னு தெனமும் ஏசுறாங்க.

இன்னொன்னு, போன யாருக்கும் குடுக்க ஏலாது இப்ப. என் போன்ல பேங்க் இருக்கு, ஓடிபி வருது, நீ அனுப்புற ரசீது இருக்கு, கடை கணக்கு இருக்கு. பிளேயர யார்கிட்ட வேணும்னாலும் நம்பி குடுக்கலாம், பக்கத்து காம்பராவுல பேறுகாலம் முடிஞ்சு படுத்திருக்கிற புள்ள கேட்டாலும் அப்பாயி குடுத்து அனுப்புறாங்க, தொலைஞ்சா பாட்டுதான் தொலையும், அதுவும் என் கம்ப்யூட்டர்ல இன்னொரு கொப்பி இருக்கு.

கரண்ட் விசயமும் ஒனக்கு தெரியும், 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டுனாங்க, போன்ல இருக்கிற சார்ஜ் உனக்கு கால் எடுக்கன்னு பொத்தி பொத்தி வச்சோம், பாட்டு கேட்டா அம்மா அடிக்க வருவா. அப்ப வீட்டுல பாட்டு இருந்தது அப்பாயி டப்பாவுல மட்டும்தான். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப இன்னும் மோசம், ரோட்டுல மண்ணு, கரண்டும் இல்ல சிக்னலும் இல்ல, நீ அங்க கெடந்து துடிச்சது எங்களுக்கு பிறகுதான் தெரியும். அந்த நேரம் எந்த ரோடு மூடியிருக்கு, எங்க மண்சரிவு எச்சரிக்கைன்னு கேட்டது அதே டப்பாவுல இருக்கிற எஃப்எம்லதான். ஹெட்போன் வயர்தான் அதுக்கு ஏரியல், வயர யன்னல் கம்பியில தொங்கவிட்டு ஒரு காதுல நான், ஒரு காதுல தம்பி. 2016ல ஐபோன்ல ஹெட்போன் ஓட்டைய எடுத்தாங்க, பின்னாடியே மத்தவங்களும் ஒவ்வொருத்தரா எடுத்தாங்க, இப்ப வர்ற நெறய போன்ல வயர் குத்தவும் எடமில்ல, எஃப்எம்மும் இல்ல. காதுல சொருகுற ப்ளூடூத் கொட்டை ஒண்ணு வச்சிருக்கியே, அதுக்குள்ள இருக்கிற குட்டி பேட்டரி சில வருசத்துல செத்துரும், கழட்டி மாத்தவும் ஏலாது, வயர் அறுந்தா நான் இங்கயே பத்து நிமிசத்துல சோல்டர் வச்சு குடுப்பேன்.

டேப்லெட் பத்தி கேட்டியே, தங்கச்சிக்கு ஒண்ணு நல்லதுதான், பழைய பரீட்சை பேப்பர் பாக்க, கிளாஸ் வீடியோ பாக்க கண்ணுக்கு சொகம். ஆனா சின்ன டேப் வேணாம். 2012ல 7 இஞ்சி டேப் எல்லாரும் வாங்குனாங்க, அப்ப போன் 4 இஞ்சி, இப்ப போனே 6 இஞ்சிய தாண்டி நிக்குது, நடுவுல அந்த சின்ன டேப்புக்கு என்னா வேல இருக்கு? வாங்குனா 10 இஞ்சி கிட்ட வாங்கு, எஸ்டி சிப் போட எடம் இருக்கான்னு பாத்து வாங்கு. பாட்டு கேக்கன்னு அத தூக்கிகிட்டு திரியமாட்டா, அது வீட்டோட இருக்கட்டும்.

எனக்கு என்னா வேணும்னா, நீ போன் மாத்துனியே, அந்த பழைய போன் ட்ராயர்ல சும்மாதானே கெடக்கு, அத கொண்டு வா. சிம் இல்லாம ப்ளைட் மோடுல போட்டு பாட்ட மட்டும் ஏத்திகிட்டா அதுதான் என் வாக்மேன், ஹெட்போன் ஓட்டையும் அதுல இருக்கு. கூட 128 ஜிபி சிப் ஒண்ணு, நல்ல கடையில வாங்கு, ரோட்டோரத்துல மலிவா விக்கிறத தொடாத, மேல 128னு அடிச்சிருக்கும், உள்ள எட்டோ பதினாறோதான் இருக்கும், கம்ப்யூட்டரும் 128னுதான் காட்டும், நெறைய ஏத்துனப்புறம் பழைய பாட்டெல்லாம் ஒடஞ்சு கெடக்கும்போதுதான் வெளங்கும். எங்கிட்டயே அப்பிடி ஏமாந்த சிப்ப எடுத்துகிட்டு அழாத குறையா வர்றாங்க. அப்பாயி பிளேயருக்கு மினி யூஎஸ்பி வயர் ஒண்ணு, இப்ப போனுக்கு வர்ற டைப் சி இல்ல, அதுக்கு முந்தினதும் இல்ல, அதுக்கும் முந்தின குண்டு மூஞ்சி, போட்டோ அனுப்புறேன், அங்க பழைய சாமான் விக்கிற எடத்துல கேட்டு பாரு. கெசட் டெக்கோட ரப்பர் பெல்ட் உருகி தார் மாதிரி ஒட்டிகிச்சு, அது கெடச்சா இன்னும் விசேசம், ஏத்தாத கெசட் ஒரு பெட்டி மேல அட்டத்துல கெடக்கு, அளவ நூல்ல புடிச்சு எழுதி அனுப்புறேன்.

வாக்மேனுக்கு வச்சிருந்த சல்லிய டிக்கட்டுக்கு போடு, தீபாவளிக்கு முன்னாடி லீவு கெடைக்குமான்னு உங்க மேனேஜர்கிட்ட இப்பவே கேட்டு வை. அம்மா கோடாலி தைலம் கேட்டா, பெரிய போத்தல், போன தடவ கொண்டு வந்தத அப்பாயி லயத்துக்கே பங்கு வச்சிட்டாங்க.

அன்புடன்
அப்பா