பரிசோதனைதான் அவர் படிப்பு: கல்வி நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கல்வி நிதிக் குழுப் பெரியவர்களுக்கு டர்பனிலிருந்து வணக்கம்.

ஆய்வு மாணவி ஒருவரின் விண்ணப்பத்தைப் போன மாதம் திருப்பி அனுப்பினீர்கள். கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் மட்டுமே உதவி, பரிசோதனைச் சாமான்களுக்கு இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் வேலை செய்யும் உலோகவியல் ஆய்வுக்கூடத்தில் நான் தொழில்நுட்பர். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஆய்வுப் பட்டத்துக்குப் பாடப்புத்தகம் எங்கே இருக்கிறது? பரிசோதனைதான் படிப்பு. அந்தச் செலவையும் உதவித்தொகையில் சேருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அந்த மாணவி ஆராய்வது மக்னீசியக் கலவை உலோகங்களை. மக்னீசியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எடை குறைந்தது. ஆனால் சாதாரண வெப்பத்தில் வளைத்தால் விரிசல் விடும். அதன் அணு அடுக்குகள் பெரும்பாலும் ஒரே தளத்தில்தான் எளிதாக வழுக்கும். இட்ரியம், நியோடிமியம் போன்ற அருமண் (ரேர் எர்த்) தனிமங்களையும் கொஞ்சம் சிர்கோனியத்தையும் சேர்த்து, சூட்டில் நன்றாகப் பிசைந்தெடுத்தால் உள்ளிருக்கும் படிகமணிகள் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குப் பொடிசாகும். அப்புறம் அதையே 400 டிகிரி செல்சியஸில் மெதுவாக இழுத்தால் மணிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்து கொடுக்கும். கம்பிப் பாகு போல நீளும், அறாது. இதுதான் மீநெகிழ்வு. அந்தச் சூட்டில் மணிகள் மறுபடி பெருத்தால் எல்லாம் வீண். பெருக்க விடாமல் எல்லைகளைப் பிடித்து நிறுத்துபவை அருமண் சேர்மங்களின் நுண்துகள்கள். எந்தக் கலவையில் எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்துகின்றன என்பதே இந்த மாணவியின் கேள்வி.

இங்கேதான் உங்கள் ஒற்றை வரி இடிக்கிறது. நொடிக்கு ஆரம்ப நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற வேகத்தில் இழுத்தால், ஒரு மாதிரித் துண்டு ஐந்து மடங்கு நீளம் ஆக 11 மணி நேரம் பிடிக்கும். சூடான மக்னீசியத்தைக் காற்றில் விட முடியாது என்பதால் அத்தனை நேரமும் ஆர்கான் வாயு ஓட வேண்டும். போன முறை பாதி ராத்திரியில் சிலிண்டர் தீர்ந்துபோனது. காலையில் உலையைத் திறந்தால் மாதிரி கருத்து, மேலெல்லாம் வெடித்திருந்தது. அடுத்த சிலிண்டரை அந்தப் பெண் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கினார். மணி அளவு பார்க்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கோ மணிக்கணக்கில் வாடகை. இழுப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்தாக வேண்டும், பார்க்காமல் எழுதினால் அது ஆய்வே இல்லை. இவையெல்லாம் சாமான்கள்தானா?

டாக்டர் படிப்புக்கு நீங்கள் தாராளமாகக் கொடுக்கிறீர்கள், நல்லது. மக்னீசியத்தோடு இட்ரியமும் மற்ற அருமண்களும் சேர்ந்த எலும்புத் திருகு 2013இலேயே ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றுவிட்டது. எலும்பு கூடியபின் அது உடம்பிலேயே கரைந்துவிடும், கழற்ற இன்னொரு அறுவை தேவையில்லை. நாளை அதைப் பொருத்தப்போகும் டாக்டருக்கு உதவி உண்டு, அந்த உலோகத்தை ஆராய்பவருக்கு இல்லை என்றால் என்ன நியாயம்? நமக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே மணலில் சிர்கோனியத்தின் தாதுவான சிர்கானை அள்ளுகிறார்கள். மேற்குக் கேப்பின் ஸ்டீன்காம்ப்ஸ்கிராலில் அருமண் நிறைந்த மோனசைட் தாதுவை 1950களிலேயே தோரியத்துக்காக வெட்டினார்கள். மண் இங்கே இருக்கிறது, அதை உலோகமாக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்? 1860இல் இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள் வீடு வீடாகக் கொடுத்த பணம் இது. விழா மேடைக்கும் பொன்னாடைக்கும் வருஷா வருஷம் கேள்வியே இல்லாமல் ஒதுக்குகிறோம். ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஏன் இத்தனை விதிகள்?

சரி, கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாயு, மாதிரி வெட்டும் கூலி, நுண்ணோக்கி நேரம் ஆகிய ஆய்வுச் செலவுகளையும் படிப்புச் செலவாக ஏற்று, அந்த விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். பணத்தை மாணவி கையில் தர வேண்டாம் என்றால் ரசீது பார்த்து நேரே கட்டுங்கள், கணக்கை நான் எழுதித் தருகிறேன். கூட்டத்துக்கு முன் ஒரு நாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் இழுத்த மாதிரிகளைக் காட்டவும் தயாராக இருக்கிறேன். எந்த நாள் வசதி என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

பணிவுடன்,
ஓர் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், டர்பன்