ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் விட்டுப்போனவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரே பக்கம்தான். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கைடு மேடம். பல்லேடியம் உலோக வினையூக்கியால் அரைல் குளோரைடையும் (பென்சீன் போன்ற வளையத்தில் குளோரின் ஒட்டியது) அமீனையும் (நைட்ரஜன் உள்ள சேர்மம்) இணைப்பதுதான் என் வேலை. அரைல் குளோரைடு மலிவு, ஆனால் அதன் கார்பன்-குளோரின் பிணைப்பு லேசில் மசியாது. பல்லேடியத்தோடு ஒட்டியிருக்கும் பாஸ்பீன் லிகண்ட் (பாஸ்பரஸ் உள்ள துணை மூலக்கூறு) தாராளமாக எலக்ட்ரான் கொடுத்தால்தான் பல்லேடியம் அதற்குள் நுழையும். லிகண்ட் பருத்ததாகவும் இருந்துவிட்டால், கடைசியில் இரண்டு துண்டுகளையும் நெருக்கிச் சேர்த்து வெளியே தள்ளிவிடும். பருமனை அளக்க வேதியியலாளர் டோல்மன் கொடுத்த கூம்புக் கோணம் இருக்கிறது, கோணம் பெரிதென்றால் லிகண்டும் பெரிது: டிரைஃபீனைல் பாஸ்பீனுக்கு 145 டிகிரி, டிரை-டெர்ட்-பியூட்டைல் பாஸ்பீனுக்கு 182. ஆனால் பின்னது காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் ரகம். அதனால் அமெரிக்காவின் எம்ஐடியில் புக்வால்டு குழு 1998 முதல் வளர்த்த பைஅரைல் பாஸ்பீன்கள் (இரண்டு வளையங்கள் இணைந்தவை; பாஸ்பரஸ் ஒட்டாத வளையம்தான் கீழ் வளையம்) பக்கம் மேடம் என்னைத் திருப்பினார். "கீழ் வளையத்தோட ரெண்டு ஆர்த்தோ இடத்தையும் மூடிடு. இல்லேன்னா பல்லேடியம் அங்கேயே போய் ஒட்டிக்கும்" என்றார். ஆர்த்தோ என்றால் வளையங்கள் சேரும் இடத்துக்குப் பக்கத்து இடம். என் ஆய்வேட்டில் பாதி அந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான்.

கண்ணாடி ஊதும் அண்ணன் இல்லையென்றால் காற்றுப் படாமல் வேலை செய்ய உதவும் எங்கள் கண்ணாடிக் குழாய் அமைப்பான ஷ்லெங்க் லைன் என்றோ குப்பைக்குப் போயிருக்கும். விரிசல் எங்கே என்று எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். எளிதில் தீப்பற்றும் பியூட்டைல் லித்தியம் வாங்க ஒவ்வொரு முறையும் படிவங்களோடு மல்லுக்கட்டிய ஸ்டோர்ஸ் அக்காவுக்கும் நன்றி.

என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறை அடையாளம் காணும் கருவி) அறை சாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாஸ்பீன் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதா என்று பாஸ்பரஸ் என்எம்ஆர் உடனே காட்டிவிடும். டிரைஃபீனைல் பாஸ்பீன் என்றால் மைனஸ் 5 பிபிஎம் (சிக்னலின் இடத்தைக் குறிக்கும் அளவு) பக்கம் நிற்கும் சிக்னல், ஆக்சைடானால் 29 பக்கம் ஓடிவிடும். அதைப் பார்க்க வரிசையை மீறி எத்தனை மாதிரிக் குழாய்களை நுழைத்திருப்பார்! படிகக் கட்டமைப்பு எடுத்துத் தந்த மேடமும் அப்படியே. பல்லேடியம் கீழ் வளையத்தின் கார்பன் மேல் சாய்ந்திருப்பதை அவர் திரையில் காட்டியபோதுதான் நான் வரைந்துகொண்டிருந்த படத்தில் எனக்கே நம்பிக்கை வந்தது.

லிகண்ட் செய்ய எடுக்கும் குளோரோடைசைக்ளோஹெக்சைல் பாஸ்பீன் நாற்றத்தோடு திரும்பிய என்னை அறைக்குள் விட்ட ஹாஸ்டல் நண்பர்களே, உங்களுக்கு என்ன சொல்வது? சரி, ஒரு பிரியாணி கடன்.

ஜூனியர்களுக்கு: மிச்சமிருக்கும் லிகண்டுகள் குளிர்பெட்டியில் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. லேபிள் ஒட்டியிருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
மூன்றாவது ஹூட்காரன்