தடை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கு 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த தடையை நாமும் பின்பற்ற வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நோக்கம் சரி. ஆனால் வன்னியில் பல வீடுகளில் பிள்ளையின் கையிலுள்ள போன் தகப்பனின் பெயரில் இருக்கிறது, அல்லது வெளிநாட்டு மாமா அனுப்பியது. வயதை எங்கே போய்ச் சரிபார்ப்பது? 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது வட்ஸ்அப்பில் பாடம் வரும் என்று கடன்பட்டுப் போன் வாங்கிக் கொடுத்ததும் நாங்கள்தானே.

என் மகனுக்கு 14 வயது. "இஞ்சை வா அப்பன்" என்று கூப்பிட்ட அப்பம்மாவுக்கு ஒருநாள் "வெயிட் பண்ணுங்க ப்ரோ" என்றான். சிரித்துவிட்டேன், உண்மையைச் சொன்னால். அப்புறம் அதே வாய் தாயை எடுத்தெறிந்து பேசியபோது சிரிப்பு வரவில்லை. போனைப் பறித்தேன், சிநேகிதனின் போனில் டிக்டொக் பார்த்தான். டிக்டொக்கில் பெற்றோர் தம் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்து, பார்க்கும் நேரத்தை மட்டுப்படுத்தலாம் என்பது பக்கத்து வீட்டு உயர்தர வகுப்பு மாணவி காட்டித் தந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காலபோக அறுவடை முடிந்த கையோடு, பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஒரு பின்னேரம் பெற்றோரைக் கூப்பிட்டு, உயர்தர மாணவர்களைக் கொண்டே இதைப் பழக்கலாம். தகப்பன்மாரையும் கட்டாயம் வரச் சொல்லுங்கள்.

ஒரு விவசாயி,
முரசுமோட்டை, கிளிநொச்சி.